மூன்றாம் தொட்டிப் பால்

அத்தியாயம் நான்கு

சீஸ் தொழிற்சாலை வாசலில் கால் வைத்ததுமே பூட்டுக்காரர் முன்னால் ஒரு பெரிய டம்ளர் பாலை நீட்டினார்கள்.

நாற்பது வருஷம் பூட்டு மாட்டினவர், பூட்டுத் திறந்தவர். அதற்குப் பிறகு, பூட்டை உடைத்தவனைத் தேடிப் பிடிக்கிற வேலைக்கு வந்தவர். இந்த உலகத்தில் அவர் நம்புகிற சாமான் இரண்டே இரண்டு. ஒன்று ஏழு லீவர் பூட்டு, இன்னொன்று மூடின வாய். பாலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. குடித்தால் அரை மணி நேரத்தில் வயிறு அவர்மேல் கேஸ் போட்டுவிடும்.

"எனக்கு ஆகாது."

"சுத்தமான பால் பெரியவரே. தைரியமா குடிங்க" என்றார் முதலாளி.

"பால் யோக்கியம்தான். என் வயிறுதான் அயோக்கியன்."

பக்கத்தில் நின்ற ஊசி டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டாள். அவருடைய அக்காள் மகள் அவள். வயது நாற்பது. பதினைந்து வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் கையிலெல்லாம் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். ஒருநாள் அங்கிருந்த பெரிய டாக்டரை வாயாலும் குத்திவிட்டாள். ஊசிக்குத்தைப் பொறுத்த உலகம் வாய்க்குத்தைப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து மாமாவுக்கு உதவியாள்.

முதலாளி விஷயத்தைச் சொன்னார். இந்த வாரத்தில் மூன்று தடவை, மூன்றாம் தொட்டிப் பால் உறையவில்லை. ஒரு தொட்டிக்கு ஐயாயிரம் லிட்டர். கடைசியாகக் கெட்டது இன்று காலையில். முதல் தொட்டியும் இரண்டாம் தொட்டியும் சமர்த்தாக உறைந்து கட்டியாகிவிட்டன. மூன்றாவது மட்டும் குழந்தை வாந்தி எடுத்த மாதிரி நொசநொசவென்று நிற்கிறது. சீஸ் வாங்குகிற பெரிய ஓட்டல் கம்பெனியின் அதிகாரி அம்மாள் நாலு மணிக்கு வருகிறாள். காரணம் தெரியாவிட்டால் இனி இங்கே வாங்கமாட்டாளாம்.

"காரணம் எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி. "உறைக்காரம்மா. இருபத்திரண்டு வருஷமா பாலை உறைய வைக்கிறவ. எதிர்க்கம்பெனிக்காரன் விலை பேசிட்டான். போலீசுக்கும் போன் போட்டாச்சு, நாலு மணிக்கு ஜீப் வரும்."

"ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, ஜீப்பும் கிளம்பியாச்சு. அப்புறம் நான் எதுக்கு?"

"வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும்னு மேடம் கேக்கறாங்க."

"கையெழுத்துதான் வேணும்னா எங்க தெருமுனையில ஒருத்தன் இருக்கான். யார் கையெழுத்து வேணும்னாலும் போடுவான்."

முதலாளி சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். உள்ளே வெந்நீர் போடுகிற ஒரு கெட்டில், என்னமோ ரத்தக்கறை படிந்த கத்தி மாதிரி பயபக்தியோடு கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"ரென்னெட் வைக்கிற ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு. ரென்னெட்டுல வெந்நீரை ஊத்திக் கெடுத்திருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"கெட்டிலே வாயைத் திறந்து சொன்னா நல்லாயிருக்கும்" என்றாள் ஊசி.

தொட்டி அறைக்குப் போகிற நீளமான நடையில், ஈரத் தரையில் வழுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே பூட்டுக்காரர் கேட்டார்:

"ரென்னெட்டுன்னா என்னடி?"

"கன்னுக்குட்டி வயித்துல சுரக்கிற என்சைம் மாமா. நொதின்னு புத்தகத்துல போடுவான்."

"பேரே சந்தேகமா இருக்கு."

"உங்களுக்கு உங்க பேரே சந்தேகம்தான். கேளுங்க. குடிச்ச பால் தண்ணி மாதிரி ஓடிப்போகாம வயித்துல கட்டியா நின்னாத்தான் கன்னு அதை நிதானமா செரிக்க முடியும். அதுக்குத்தான் அந்த நொதி. அதையே இங்க தொட்டியில விட்டு சீஸ் பண்றாங்க. இப்பல்லாம் கன்னுக்குட்டியைத் தொந்தரவு பண்றது குறைவு, பூஞ்சையில வளர்த்து எடுத்துடறாங்க."

"அஞ்சாயிரம் லிட்டருக்கு எத்தனை குடம் ஊத்தணும்?"

"அரை லிட்டர் போதும்."

பூட்டுக்காரர் நின்றுவிட்டார். அரை லிட்டர் ஐயாயிரம் லிட்டரைக் கட்டிப்போடுகிறது என்றால் அதில் எங்கேயோ திருட்டுத்தனம் இருக்கிறது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"அது தீர்ந்து போறதில்ல மாமா. பால்ல ஒரு இடத்தை வெட்டும், விலகும், அடுத்ததைப் போய் வெட்டும். ஒண்ணே ஆயிரக்கணக்குல வேலை பார்க்கும். தான் மட்டும் அப்படியே இருக்கும்."

"கூலி?"

"கிடையாது."

"லீவு?"

"கிடையாது."

"இதை அந்த முதலாளி காதுல போட்டுடாத. நாளைக்கே அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவான்."

"உங்க உடம்புக்குள்ளயும் இதே கதைதான். காலையில ரொட்டி தின்னீங்களே, அந்த மாவைச் சர்க்கரையா உடைக்க எச்சில்ல ஒருத்தன். குடல்ல இன்னும் சில பேர். அந்தச் சர்க்கரையை எரிச்சு உங்களை இப்படி வழுக்கி வழுக்கி நடக்க வைக்கிறதுக்கு வரிசையா இருபது முப்பது பேர், ஒருத்தன் கையிலேர்ந்து அடுத்தவன் கைக்கு. இவங்க யாரும் இல்லேன்னா அந்த ஒரு துண்டு ரொட்டி செரிக்க உங்க ஆயுசு பத்தாது."

"வரிசையில ஒருத்தன் மட்டம் போட்டா?"

"வேலை அங்கயே நின்னுடும். உங்க குடல்ல பால் சர்க்கரையைப் பிளக்கிறவன் நீங்க வளர்ந்ததும் கடையைச் சாத்திட்டுப் போயிட்டான். அதான் பால் குடிச்சா வயிறு ஊதுது. நீங்க பாலைத் திட்டறீங்க."

"நான் யாரையும் நம்பினதில்லங்கறது சரியாத்தான் போச்சு. என் குடலே என்னை விட்டு ஓடியிருக்கு."

"ஒரு நொதிக்கு ஒரு வேலைதான் மாமா. அதோட வடிவம் அப்படி. உங்க சாவி மாதிரி. ஒரு பூட்டுக்கு வெட்டின பல்லு இன்னொரு பூட்டுல திரும்பாது. அந்தச் சாவியை அடுப்புல காய்ச்சினா?"

"வளைஞ்சுபோகும்."

"இதுவும் அப்படித்தான். கடும் சூடு பட்டா முறுக்கிக்கும். அப்புறம் ஐஸ்ல வைச்சாலும் நிமிராது. அதனால அந்த ஆள் சொல்ற கெட்டில் கதை முட்டாள்தனமில்ல."

"முட்டாள்தனமில்லாத பொய்தான் ஆபத்து" என்றார் பூட்டுக்காரர்.

மூன்றாம் தொட்டி ஒரு சின்ன நீச்சல் குளம் மாதிரி இருந்தது. அதைக் காலி செய்துவிட்டு, உள்ளே இறங்கி நின்று ஒரு அம்மாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை சிவந்த கைகள். ஆள் வந்ததைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பாலைக் கெடுத்தது நீங்கதானாம்மா?" பூட்டுக்காரருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. படிக்கவில்லை.

"ஆமான்னு சொன்னா போயிடுவீங்களா? கழுவற வேலை கிடக்கு."

"கெட்டில்?"

"டீ போடறதுக்கு. ஃபிரிட்ஜ் மேல வைக்காம என் தலை மேலயா வைக்கச் சொல்றீங்க?"

"ஜீப் வருதாமே?"

இப்போதுதான் கை நின்றது. "மாப்பிள்ளை வந்து சொல்லிட்டுப் போனார். மாத்துத் துணி எடுத்து வைச்சுக்கங்கன்னு. ரொம்ப அக்கறை. வீட்டுல என் வீட்டுக்காரர் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடக்கார், ராத்திரிக்கு ஒருதடவை புரட்டிப் போடணும். அதையும் ஜீப்ல வர்ற போலீசுக்காரர் பண்ணுவாரான்னு கேட்டேன்."

மாப்பிள்ளை என்பது முதலாளியின் தங்கை புருஷன். பாலைச் சுடவைக்கிற மெஷின் அவர் பொறுப்பு. அந்த இடத்திலேயே சக்கரம் வைத்த நாற்காலி அவருக்கு ஒருவருக்குத்தான். மாப்பிள்ளை என்றால் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்: வேலை தெரிந்தால் மரியாதை, தெரியாவிட்டால் இரட்டை மரியாதை.

ஊசி ஃபிரிட்ஜைத் திறந்தாள். காலையில் ஊற்றின அதே ரென்னெட் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. வாசலில் நின்ற லாரி டிரைவரிடம் ஒரு குவளை பச்சைப் பால் வாங்கி வந்து, வெதுவெதுப்பாக்கி, இரண்டு சொட்டு விட்டாள். மூன்று பேரும் குவளையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஜோசியம் பார்ப்பதுபோல.

கால் மணி நேரம் ஆயிற்று. உறைக்காரம்மா சுண்டுவிரலை உள்ளே விட்டு மேலே தூக்கினாள். பால் கத்தி போட்ட மாதிரி இரண்டாகப் பிளந்தது.

"சாவி நல்ல சாவி" என்றார் பூட்டுக்காரர். "அப்ப பூட்டுலதான் கோளாறு. காலையில கெட்ட பால் ஒரு சொட்டாவது மிச்சம் இருக்கா?"

"சாக்கடையில ஊத்தச் சொல்லி முதலாளி நின்னு பார்த்து ஊத்த வைச்சார்" என்றாள் உறைக்காரம்மா. பிறகு ஃபிரிட்ஜின் அடித்தட்டிலிருந்து, துணி போட்டு மூடியிருந்த மூன்று சின்ன பாட்டில்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. "ரென்னெட் விடறதுக்கு முன்னால ஒவ்வொரு தொட்டியிலேர்ந்தும் ஒரு கரண்டி எடுத்து வைச்சுடுவேன். சீஸ் தேறினதும் கொட்டிடுவேன்."

"யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வேலைக்கு வந்த முதல் வருஷம் ஒருதடவை என் மேல பழி போட்டாங்க. அன்னிலேர்ந்து எடுக்கறேன்."

பூட்டுக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். தன்னைவிட அதிகமாக உலகத்தை நம்பாத ஒரு ஆளை அவர் முதல்தடவையாகப் பார்க்கிறார். கும்பிடலாம் போல இருந்தது.

மூன்றாம் பாட்டிலிலிருந்து நாலு ஸ்பூன் எடுத்து ரென்னெட் விட்டுப் பார்த்தார்கள். கால் மணி, அரை மணி. பால் அசையாமல் அப்படியே பாலாகவே இருந்தது.

"அளவுக்கு மீறிச் சுட வைச்சிருக்காங்க" என்றாள் ஊசி. "மெஷின்ல எழுபத்திரண்டு டிகிரியில கால் நிமிஷம் காட்டினா கிருமி சாகும், பால் கெடாது. தொண்ணூறுக்கு மேல ஏத்தினா பால்ல இருக்கிற இன்னொரு சத்து குழைஞ்சுபோய், ரென்னெட் வெட்டற இடத்துலயே போய் ஒட்டிக்கும்."

"சாவித் துவாரத்துல அரக்கை ஊத்தின மாதிரி."

"அதேதான். வாங்க, போய் மாப்பிள்ளையோட சக்கர நாற்காலியைப் பிடிச்சு நிறுத்துவோம்."

"அவசரப்படாதடி. இதைக் கொண்டுபோய் நீட்டினா என்ன சொல்வாங்க? அந்தம்மாவும் நீயும் சேர்ந்து அடுப்புல காய்ச்சினதும்பாங்க. எனக்கு எப்படி கெட்டதுங்கறது போதாது. யார் கைங்கறது வேணும்." பூட்டுக்காரர் தாடையைச் சொறிந்தார். "மிச்சத்துல பாதியை உன் ஃபிளாஸ்குல ஊத்திக்க. வாயைத் திறக்காத. இந்த ஒரு தடவையாவது."

முதலாளியின் அறையில் மாப்பிள்ளையும் இருந்தார். ஒட்ட வெட்டின மீசை, முழங்கையில் மெஷின் எண்ணெய்.

"மெஷின்ல எவ்வளவு சூடு வைப்பீங்க?" என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"எழுபத்திரண்டு."

"தினமுமா?"

"எழுபத்திரண்டு" என்றார் மாப்பிள்ளை மறுபடியும், கேட்காத கேள்விக்கும் சேர்த்து. பேசும்போது முதலாளியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டுக்காரர் மூன்றாம் பாட்டிலை மேஜை மேல் வைத்தார். முதலாளியின் கண் ஒரு நொடி அதிலேயே நின்றது.

"இது இன்னிக்குக் கெட்ட தொட்டியோட பால். ரென்னெட் படாதது. அந்தம்மா எடுத்து வைச்சிருந்தாங்க. மேடம் வந்ததும் எல்லார் முன்னாலயும் இதுல புது ரென்னெட் விடுவோம். உறைஞ்சா பால் நல்ல பால், குத்தம் அந்தம்மாவோடது. நான் கையெழுத்துப் போடறேன். உறையலேன்னா மெஷின்லதான் ஏதோ கோளாறு. அதுவரைக்கும் இது பத்திரமா இருக்கணும். யாராவது மாத்திடப்போறாங்க."

"என் ஃபிரிட்ஜுல வைங்க" என்றார் முதலாளி. அறை மூலையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். அதற்கு வெளியே கொக்கி அடித்து ஒரு பூட்டு. உள்ளே நாலு ஜூஸ் பாட்டில். நாலு ஜூஸ் பாட்டிலுக்குப் பூட்டுப் போடுகிற மனிதர் நல்லாயிருக்கட்டும்.

பூட்டுக்காரர் பூட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். "நல்ல பூட்டு. கம்பியை விட்டு நெம்பினா என்னாலயே அரை நாள் ஆகும். சாவி எத்தனை?"

"ஒண்ணுதான். என் இடுப்பை விட்டு இறங்காது. மாப்பிள்ளைக்கே கொடுத்ததில்ல, கேட்டுப் பாருங்க."

"ஆமா" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தையில் எட்டு வருஷ தாகம் இருந்தது.

பாட்டில் உள்ளே போயிற்று. முதலாளி பூட்டினார். பூட்டுக்காரர் இழுத்துப் பார்த்தார். பிறகு, "வாடி, டீ குடிச்சுட்டு வரலாம்" என்று ஊசியைக் கூட்டிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு மணி நேரம் டீ குடித்தார்.

நாலு மணிக்கு ஓட்டல் அதிகாரி வந்தாள். மேடம் மேடம் என்று முதலாளி முதுகை வளைத்த வளைப்பைப் பார்த்தால், பாலுக்கு முன்னால் அவர்தான் உறைந்துவிடுவார் போல இருந்தது. அவள் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "கதை வேண்டாம். காட்டுங்க."

உறைக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். சுவரோரமாக வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. மாத்துத் துணி.

முதலாளி இடுப்புச் சாவியால் ஃபிரிட்ஜைத் திறந்தார். பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது, சீட்டு ஒட்டினபடி. ஊசி அதில் கொஞ்சம் குவளையில் ஊற்றி, வெதுவெதுப்பாக்கி, மேடம் எதிரிலேயே பிரித்த புது ரென்னெட்டை விட்டாள். கால் மணி நேரம் ஓடியது. மாப்பிள்ளை நகத்தைத் தின்றார்.

ஊசி குவளையைச் சாய்த்தாள். பால் கவிழவில்லை. அப்படியே கட்டியாக நின்றது.

"உறைஞ்சிருச்சு" என்றாள் மேடம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே." முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "என் மெஷின் மேல குத்தமில்ல, என் பால் மேல குத்தமில்ல. இருபத்திரண்டு வருஷம் சோறு போட்டேன் மேடம். பெரியவரே, காகிதம் தயாரா இருக்கு, இங்க போடுங்க."

உறைக்காரம்மா சுவரை விட்டு வந்தாள். குவளையை மோந்து பார்த்தாள்.

"இது என் பால் இல்ல."

"பாலுக்கு மூஞ்சியா இருக்கு, அடையாளம் காட்டறதுக்கு?" என்று முதலாளி சிரித்தார்.

"இருக்கே" என்றாள் ஊசி.

தொழிற்சாலையின் பரிசோதனை அலமாரியில் நாலு மாதத் தூசிக்கு அடியில் கிடந்த இரண்டு மருந்துப் பாட்டில்களை அவள் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள்.

"மேடம், பாலுக்குள்ளயே பிறக்கும்போதே ரெண்டு நொதி இருக்கு. ரெண்டு வாட்ச்மேன்னு வைச்சுக்கங்க. முதல் ஆள் நோஞ்சான், எழுபத்திரண்டு டிகிரியிலயே போய்ச் சேர்ந்துடுவான். இரண்டாவது ஆள் முரடன், அந்தச் சூட்டைத் தாங்கிடுவான். எண்பது தொண்ணூறுன்னு ஏத்தினாத்தான் சாவான். நோஞ்சான் உயிரோட இருந்தா இந்த மருந்து மஞ்சளாகும். முரடன் உயிரோட இருந்தா இது நீலமாகும்."

முதலில் உறைக்காரம்மாவின் ஒன்றாம் பாட்டில், இன்று நன்றாக உறைந்த தொட்டியுடையது. மஞ்சள் வரவில்லை. நீலம் வந்தது.

"நோஞ்சான் அவுட், முரடன் இருக்கான். மெஷின் ஒழுங்கா வேலை செஞ்ச பால் இப்படித்தான் இருக்கணும். இப்ப முதலாளி ஃபிரிட்ஜுல பத்திரமா இருந்த மூணாம் பாட்டில்."

சொட்டு விட்டாள். ஒரு குழாய் நீலமாயிற்று. இன்னொன்று, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக மஞ்சளாயிற்று.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ரெண்டு பேருமே உயிரோட இருக்காங்க."

"ஆமா. இது ரொம்ப நல்ல பால். ரொம்பவே நல்லது. அடுப்பு, மெஷின் எதையும் கண்ணால பார்க்காத பால். இன்னிக்கு வந்த லாரியிலேர்ந்து நேரா இந்த பாட்டிலுக்கு வந்திருக்கு. தொட்டிக்குள்ள போன எந்தப் பாலுக்கும் இந்த நிறம் வராது." ஊசி தன் ஃபிளாஸ்கைத் திறந்தாள். "பூட்டறதுக்கு முன்னால இதே பாட்டில்லேர்ந்து பாதி எடுத்து வைச்சது இது."

சொட்டு விட்டாள். மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. வெள்ளையாகவே கிடந்தது, வெள்ளைத் துணி போர்த்தின மாதிரி.

"ரெண்டு பேரும் செத்தாச்சு. அளவு மீறிக் காய்ச்சின பால். இது ரென்னெட்டுக்குக் கட்டுப்படாது."

"ஃபிளாஸ்க் இவங்களோடது" என்றார் முதலாளி. குரல் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. "இவங்க எதை வேணும்னாலும் ஊத்திட்டு வந்திருக்கலாம்."

"நியாயமான கேள்வி" என்றார் பூட்டுக்காரர். "ஃபிளாஸ்கை விட்டுடுங்க, தூக்கிக் கொட்டிடுங்க. உங்க ஃபிரிட்ஜுல இருந்த பாட்டிலை மட்டும் பேசுவோம். அதுல இருந்த பாலை யாரோ கொட்டிட்டு லாரிப் பாலை ஊத்தியிருக்காங்க. எதுக்கு? உறையணும்கறதுக்கு. உறைஞ்சாத்தான் அந்தம்மா உள்ள போவாங்க."

எல்லோருடைய கண்ணும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. முதலாளியின் கண் எல்லோருக்கும் முந்தித் திரும்பியது.

"மாப்பிள்ளை" என்றார் முதலாளி, துக்க வீட்டுக் குரலில். "என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன். இப்படிப் பண்ணிட்டீங்களே."

மாப்பிள்ளைக்கு வந்தது பயமில்லை, ரோஷம்.

"நானா? எட்டு வருஷமா அந்த மெஷின்ல நிக்கிறேன் மச்சான். மஞ்ச மருந்து, நீல மருந்து எல்லாம் எனக்குத் தெரியும். நான் மாத்தறதா இருந்தா ரெண்டாம் தொட்டிக்குப் போன பால்ல ஒரு டம்ளர் எடுத்து ஊத்தியிருப்பேன். யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. சுட வைக்காத லாரிப் பாலைக் கொண்டுவந்து ஊத்தற அளவுக்கு நான் என்ன தொழில் தெரியாதவனா?"

தொழில் தெரியாதவர் யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் பூட்டுக்காரர். "பூட்டு உடையல, கொக்கி வளையல. சாவியால திறந்திருக்கு. சாவி ஒண்ணுதான்னு ஐயாவே பெருமையா சொன்னார். மாப்பிள்ளைக்கே கொடுத்ததில்லன்னு அவரே சாட்சி சொன்னார். நான் கேக்கக்கூட இல்ல." முதலாளி பக்கம் திரும்பினார். "படிப்பில்லாத கிழவன், கெட்டிலைக் காட்டினா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவான்னுதானே என்னைக் கூப்பிட்டீங்க? படிப்பு இல்லதான். அதனாலதான் எதையும் படிக்காம கையெழுத்துப் போட எனக்குப் பயம்."

முதலாளியின் கை இடுப்புச் சாவியை மூடிக்கொண்டது. குற்றம் இருக்கிற இடத்தைக் கையே காட்டிக்கொடுத்தது.

கட்டு அறுந்த மாப்பிள்ளை கொட்டித் தீர்த்தார். பாலைக் குளிரவைக்கிற மெஷின் போன வாரமே படுத்துவிட்டது. அதைச் சரிசெய்யும் வரை லாரியைத் திருப்பி அனுப்பலாம் என்று இவர் சொன்னார். மச்சான் கேட்கவில்லை. மிஞ்சிப் புளிக்க ஆரம்பித்த பாலையெல்லாம் மூன்றாம் தொட்டிக்கென்று ஒதுக்கி, வாடை தெரியாமலிருக்கத் தொண்ணூற்றைந்துக்கு ஏற்றச் சொன்னார். "உறையாது மச்சான்னு சொன்னேன். மாப்பிள்ளை மாப்பிள்ளை மாதிரி இருங்கன்னார். இருந்தேன்."

"புளிச்ச பாலையா எங்க ஓட்டலுக்கு அனுப்பறதா இருந்தீங்க?" மேடத்தின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

"ஜீப்பா இருந்தா திருப்பி அனுப்பாதீங்க" என்றாள் அவள். "கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வரட்டும்."

ஜீப் இல்லை. சாயங்காலப் பால் லாரி. ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

மேடம் உறைக்காரம்மாவைப் பார்த்தாள். "இனிமே இங்க வாங்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணணும். நீங்க சொல்லுங்க. இங்க வாங்கலாமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. முதலாளியின் கண்கள் அவள் மேல் கெஞ்சின. உறைக்காரம்மா துணிப்பையை மேஜை மேல், கையெழுத்தில்லாத காகிதத்தின் மேலேயே வைத்தாள்.

"அப்புறம் பேசலாம்மா. பால் வந்து நிக்குது. அதுக்கு நம்ம சண்டையெல்லாம் தெரியாது, புளிச்சுப் போயிடும்." வாசலில் திரும்பினாள். "மாப்பிள்ளை, எழுந்திரிங்க. எழுபத்திரண்டு. ஒரு கோடு கூடிச்சுன்னா உங்களை அந்தத் தொட்டியிலயே உறைய வைச்சுடுவேன். குளிர் மெஷின் சரியாகற வரைக்கும் ஒரு சொட்டுப் பால் மிச்சம் வைக்கக்கூடாது. எவ்வளவு தொட்டியில போகுமோ அவ்வளவு இறக்கிட்டு மீதியைத் திருப்பி அனுப்புங்க."

"சரிங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் அப்படிச் சொல்லி அந்தக் கட்டிடம் கேட்டதில்லை. ஓடினார்.

அவள் தொட்டி அறைக்குள் போய்த் தலைக்குத் துணித்தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டாள். பின்னாலேயே முதலாளியும் வேகமாக வந்தார். "கேளும்மா, நாம ரெண்டு பேரும் எத்தனை வருஷம்..."

உறைக்காரம்மா கண்ணாடிக் கதவைப் பாதியில் பிடித்து நிறுத்தினாள்.

"தலைக்குத் தொப்பி இல்லாம உள்ள வரக்கூடாது."

"இது என் தொழிற்சாலை."

"தொழிற்சாலை உங்களோடது. பால் என்னோடது. அதுல முடி விழக்கூடாது."

கதவு மூடியது. முதலாளி கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றார். நடையின் கோடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்த பூட்டுக்காரர் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். அந்தக் கதவில் பூட்டே இல்லை, வெறும் தாழ்ப்பாள், அதையும் யாரும் போடவில்லை. ஆனாலும் அந்த மனிதர் தள்ளிப் பார்க்கவில்லை.